பிரிக்காத பெட்டியின் விலை

மகனே,

இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் செல்விதான் தபாலில் சேர்க்கப் போவாள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் தபால் பெட்டிவரை போக எனக்கு அனுமதி இல்லை. அதனால் உறையை ஒட்டாமலேயே அவள் கையில் கொடுக்கப்போகிறேன். அவள் படிக்கட்டும். படித்துவிட்டு யாரிடம் சொன்னாலும் சொல்லட்டும். நேற்று நீ போனில் கத்தியதை அவள் பக்கத்தில் நின்று கேட்டாள். என் பதிலையும் அவள் தெரிந்துகொள்வதுதான் முறை.

"ஏம்மா பிரிச்சீங்க? ஏம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். எனக்கும் போனில் பேச வராது. தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் முப்பது வருடம் மற்றவர்களுடைய கடிதங்களைத் தட்டச்சு செய்தவள் நான். எழுதும்போதுதான் என் யோசனை வரிசையில் நிற்கும். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பழக்கியபடி ஓரம் விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து படி. நடந்துகொண்டே படிக்காதே.

அந்தப் பெட்டி நம் வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பதிமூன்று வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா வேலை பார்த்த ஷூ தொழிற்சாலைக்கு வருடத்துக்கு ஒருமுறை ஜப்பானிலிருந்து ஒரு டெக்னீஷியன் வருவார். ஆம்பூரில் அவருக்கு எந்தச் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாது. அப்பா அவரை நம் வீட்டுக்கு அழைத்து வருவார். நான் மிளகாய் இல்லாத மீன் குழம்பு என்ற ஒரு பரிதாபமான பொருளைச் சமைத்துப் போடுவேன். அதை அவர் கண் மூடி ரசித்துச் சாப்பிடுவார். அந்த நன்றிக்காக ஒரு வருடம் தன் மகன் விளையாடிச் சலித்த வீடியோ கேம் கன்சோலை உனக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடம், அந்தக் கன்சோலுக்கு அடியில் வைத்து இணைக்கும் டிஸ்க் டிரைவைக் கடையில் புதிதாக வாங்கி, அட்டைப் பெட்டியின் டேப்கூடப் பிரிக்காமல், கூடவே ஒரு விளையாட்டு டிஸ்க்கோடு கொண்டுவந்தார். இதை மாட்டினால் பெரிய பெரிய விளையாட்டுகள் ஆடலாம், நல்ல இசை வரும் என்று கையாலேயே அபிநயித்துக் காட்டினார்.

ஜப்பான் மின்சாரம் நூறு வோல்ட். நம்முடையது அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் கன்சோலுக்கென்று அப்பா ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கினார். செங்கல் கனம் இருக்கும், தேனீ போல ரீங்காரம் போடும். ஜப்பான் கலர் முறை நம் டிவிக்கு ஒத்துவராது, அதனால் அந்த விளையாட்டு கறுப்பு வெள்ளையில்தான் தெரியும். கடன் இல்லாமல் கலர் டிவி வாங்கிய பெருமை எனக்கு; நீ அதில் ஆடியதெல்லாம் கறுப்பு வெள்ளை. ஆனால் நீ ஒரு நாளும் அதற்காக முகம் சுளித்ததில்லை. டிரைவைப் பிரிக்கத்தான் துடித்தாய். ஒரு டிரான்ஸ்பார்மர் இரண்டைத் தாங்காது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். "மெட்ராஸ் போறப்போ இன்னொண்ணு வாங்கியாறேன்டா. அதுவரைக்கும் பிரிக்காத. பிரிச்சா உனக்குக் கை சும்மா இருக்காது," என்றார் அப்பா.

காத்திருக்கும் காலத்தில் பெட்டிக்குத் தூசி படக்கூடாதே. அப்பா மாதிரி ஷூக்கள் தைக்கும் சாம்பிள் அறையில் வேலை பார்த்தவர் அல்லவா? பெட்டியை அளவெடுத்து, கறுப்புத் தோலில் ஜிப்பும் கைப்பிடியும் வைத்து ஓர் உறை தைத்துவிட்டார். நம் வீட்டில் உறை இல்லாத பொருள் எது? ரேடியோவுக்கு உறை, இஸ்திரிப் பெட்டிக்கு உறை, பைபிளுக்கு உறை. கேஸ் சிலிண்டருக்கு அளவெடுத்தபோது நான் தடுத்தேன்.

"இன்னா மேடம், சும்மா கெடக்குற தோல்தானே?"

"அப்டியே எனக்கும் ஒண்ணு தெச்சிடுங்க. நானும் தூசி படாம இருக்கேன்."

"உனக்குத்தான் வருஷா வருஷம் ஷூ தெக்கிறேனே, அது பத்தாதா?"

அது உண்மை. பெண்களுக்கான சாம்பிள் ஷூக்களை எப்போதும் ஒரே அளவில்தான் செய்வார்கள். என் கால் சரியாக அந்த அளவு. ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகவேண்டிய மாதிரிகள் என் காலில் ஏறிச் சர்ச்சுக்கு வந்தன. கடையில் காலணி வாங்கியதே இல்லை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சம் ஜாஸ்திதான்.

இரண்டாவது டிரான்ஸ்பார்மர் வருவதற்குள் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு நீ அந்தப் பெட்டியைக் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பீரோவின் அடித்தட்டில், உறைக்குள், அது பாட்டுக்கு இருந்தது. நீ படித்தாய், வேலைக்குப் போனாய், கடல் தாண்டினாய்.

போன மழைக்காலத்தில் நான் சர்ச் படியில் வழுக்கி விழுந்ததும் நீ பறந்து வந்தாய். வேலூரில் ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் நாற்காலியில் தூங்கினாய். அதை நான் மறக்கவில்லை. இடுப்பில் விரிசல்தான், முறிவு இல்லை, கூடிவிட்டது. "நல்லா நடங்க, உக்காந்துட்டா அப்புறம் எழுந்திரிக்க மாட்டீங்க," என்று டாக்டர் உன் எதிரில்தான் சொன்னார். நீ ஊருக்குத் திரும்புமுன் வாசலுக்கு இரும்புக் கிரில் போட்டாய். கொல்லைக்கு ஒன்று. என்னைப் பார்த்துக்கொள்ளக் குடியாத்தத்திலிருந்து செல்வியை வரவழைத்து, சாவிகளை அவள் புடவைத் தலைப்பில் முடியச் சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். எல்லாம் பாசத்தில் செய்தாய், தெரியும். திருடன் பூட்டிவிட்டுப் போயிருந்தால் ஜன்னலில் நின்று ஊரைக் கூப்பிடலாம். பிள்ளை பூட்டிவிட்டுப் போனால் யாரைக் கூப்பிடுவது?

முதல் வாரத்திலேயே கேட்டுப் பார்த்தேன்.

"செல்வி, சாவிய குடு. சர்ச்சுக்குப் போயிட்டு வர்றேன்."

"அண்ணன் வுடக்கூடாதுன்னு சொல்லிக்கிறாரும்மா."

"அவன் என் புள்ள. நான் அவன் புள்ள இல்ல."

"அதாம்மா. பெத்த புள்ள சொல்றதயே கேக்கலன்னா வேற யாரு சொல்றத கேக்கப்போறீங்க?"

அவள்மேல் குற்றம் இல்லை. அவளுக்கு இந்த வேலை வேண்டும். நல்ல பெண், இட்லி மட்டும் கல். எனக்கு மிச்சம் இருந்தது மொட்டை மாடி. காலையும் மாலையும் அங்கே நடக்கிறேன். பாலாற்று மணல் தெரியும், மலை தெரியும், சென்னை போகும் ரயிலின் முதுகு தெரியும். தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடை காற்றில் வரும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எனக்கு அது ஊர் இன்னும் இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாட்டு அரைகுறையாகக் கேட்கும். யாரோ சுருதி தப்பிப் பாடுவதுகூடக் கேட்கும். போய்த் திருத்தத்தான் முடியாது.

பிறகு உன் ஞாயிற்றுக்கிழமை போன்கள் மாறின. "அம்மா, பீரோல அந்தப் பெட்டி இருக்கா? ஈரம் படலையே? கரப்பான் ஏதும்?" என்று ஆரம்பிப்பாய். "பெட்டி சௌக்கியம். நானும் சௌக்கியம், நீ கேக்கலைன்னாலும்," என்பேன். நீ சிரிப்பாய். பழைய கேம் பொருட்களைச் சேகரிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று நீதான் விளக்கினாய். கன்சோலை அந்தக் காலத்தில் எல்லோரும் வாங்கினார்களாம். அதனால் அதற்கு மதிப்பு கம்மி. அதனோடு சேர்க்கும் துணைக்கருவியை வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். வாங்கியவர்களும் உடனே பிரித்துவிட்டார்கள். ஆகவே பிரிக்காத டிரைவுக்கு, அது ஒட்டிக்கொள்ளவேண்டிய கன்சோலைவிடப் பல மடங்கு விலை. இணைய ஏலத்தில் ஒருவர் ஒரு ஸ்கூட்டர் விலை கொடுத்து ஒன்றை வாங்கினாராம். "வாங்கி என்ன பண்ணினார்?" என்று கேட்டேன். "அப்படியே வெச்சிருக்கார்மா," என்றாய், அது ஒரு காரியம் என்பது போல. நீயும் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறாயே, போட்டோ அனுப்பினாயே. அதில் உன் மகள் கண்ணாடிக்கு வெளியே மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

விலை சொன்ன அதே மூச்சில் இதையும் சொன்னாய்: "அந்தப் பணத்துலயே மொட்டை மாடிக்கு முழுசா கிரில் போட்டுடலாம்மா. மேலயும் மூடிடலாம். குரங்கு தொல்லையும் இருக்காது."

குரங்கைப் பற்றி நான் எப்போது புகார் சொன்னேன்?

அடுத்த வாரமே வெல்டர் வந்து மாடியை அளந்தான். "கூண்டு கணக்கா வரும்மா. காக்காகூட உள்ள வராது," என்று பெருமையாகச் சொன்னான். அவன் போனதும் கீழே இறங்கினேன். பீரோவைத் திறந்து அப்பா கடைசியாகத் தைத்துக் கொடுத்த ஷூவை எடுத்தேன். சந்தன நிறக் கன்றுத் தோல். விசேஷ நாட்களுக்கென்று வைத்து வைத்து, போடாமலே விட்ட ஜோடி. அதைப் போட்டுக்கொண்டு கூடத்தைக் கடந்து கிரில்வரை நடந்தேன். அங்கே போய் நின்றபோது கால் தரையில் பட்டது. திரும்பிப் பார்த்தால் கூடம் முழுக்க ஷூவின் சோல் துண்டு துண்டாக உதிர்ந்து கிடக்கிறது.

"யம்மா, பிஸ்கோத்து மாதிரி ஆயிடுச்சே!" என்று செல்வி துடைப்பத்தோடு வந்தாள்.

இது ஆம்பூரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த வகை சோல் காலில் போட்டு நடந்தால் பல வருடம் வரும். பெட்டியில் வைத்தால் தானாகவே பொடியும். கிடங்கில் வெகுநாள் தங்கிய ஜோடியைக் கப்பலில் ஏற்றாதே என்று அப்பா சண்டை போடுவார். "புதுசா இருக்கேன்னு பாக்காதீங்க சார், போடாததுதான் மொதல்ல போவும்," என்று அவர் மேலாளரிடம் சொன்னதை நானே ஆங்கிலத்தில் கடிதமாகத் தட்டச்சு செய்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் என் சொந்த ஷூவைப் பெட்டியில் வைத்திருந்தேன்.

இந்த நிலையில்தான் வியாழக்கிழமை, பெட்டியை விலைக்கு வாங்க நீ அனுப்பிய விவேக் பெங்களூரிலிருந்து வந்தான். பணிவான பையன். வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, தோல் உறையின் ஜிப்பை, நற்கருணை எடுப்பவன் போல மெதுவாக இழுத்தான்.

"ஆண்ட்டி, இந்த லெதர் கவர் யாரு செஞ்சது? இதனாலதான் அட்டையில ஒரு கலர்கூட மங்கல. நாப்பதாயிரம் தர்றேன். இன்னைக்கே."

"இருப்பா. இது ஓடுமா?"

நான் ஏதோ தகாத கேள்வி கேட்டதுபோல் பார்த்தான். "ஓடாது ஆண்ட்டி. உள்ள ஒரு ரப்பர் பெல்ட் இருக்கும். டிஸ்க்கை சுத்துறது அதுதான். இத்தன வருஷத்துல அது உருகிப் பாகு மாதிரி ஆயிருக்கும்."

"எல்லாத்துலயுமா?"

"யூஸ் பண்ணவங்க மாத்தியிருப்பாங்க. பிரிக்காததுல யாரு மாத்துவா?"

"உருகிப்போனது தெரிஞ்சே நாப்பதாயிரமா?"

"யாரும் தொடலைங்கறதுக்குத்தான் ஆண்ட்டி அந்தக் காசு."

அவன் சர்வ சாதாரணமாகச் சொன்னான். நான் கிரில்லைப் பார்த்தேன். குப்பைக் கூடைக்குள் கிடந்த ஷூப் பொடியைப் பார்த்தேன். மகனே, எனக்குக் கோபம் வரவில்லை. கணக்கு மட்டும் புரிந்தது. இந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை என்பதற்காக ஒருவன் தரும் பணத்தில், என்னை யாரும் தொடாதபடி மாடியை மூடப்போகிறார்கள்.

"மாத்து பெல்ட் வெச்சிருக்கியா?"

"பையில எப்பவும் இருக்கும் ஆண்ட்டி..." என்றவன், புரிந்ததும் எழுந்தே விட்டான். "ஐயோ, டேப்பைப் பிரிச்சா நாப்பது இல்ல. பன்னெண்டுக்கு மேல யாரும் தரமாட்டாங்க. உங்க பையன்கிட்ட ஒரு வார்த்தை..."

"இத குடுத்தவருக்கு மீன் குழம்பு வெச்சது நான். என் பையன் இல்ல. செல்வி, கத்தி."

"யம்மா, அண்ணன் என்ன கொன்னுடுவாரும்மா!"

"உன்கிட்ட சாவியத்தான் குடுத்துட்டுப் போனான். பெட்டிய இல்ல."

காய் நறுக்கும் கத்தியால் டேப்பை நானே கிழித்தேன். விவேக் கண்ணை மூடிக்கொண்டான். உள்ளே டிரைவ் பச்சரிசிச் சோறு போல வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் உன் கன்சோலை எடுத்து வைத்தேன். வெயில் பட்டு, உன் கை பட்டு, பழைய பல்லின் மஞ்சள். ஒரே ஆலையில் பிறந்தவை என்று சொல்ல முடியாது. விவேக் திருகாணிகளைக் கழற்றினான். அவன் சொன்னபடியே உள்ளே கறுப்புப் பாகு. ஸ்பிரிட்டால் துடைத்துப் புது பெல்ட்டை மாட்டும்போது அவன் முகம் மாறிவிட்டது. விலை பேசவந்தவன் போய், யாரோ சந்தோஷமான ஒருவன் என் கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"டிரான்ஸ்பார்மர் ஒண்ணுதான் இருக்கு. ரெண்டையும் தாங்காது," என்றேன்.

அவன் பெட்டிக்குள் இருந்த கையேட்டைப் புரட்டினான். எல்லாம் ஜப்பானிய எழுத்து. ஆனால் முதல் பக்கத்திலேயே ஒரு படம் இருந்தது. "எதுக்கு ஆண்ட்டி டிரான்ஸ்பார்மர்? டிரைவுக்கு பேட்டரி போட்டா போதும். டார்ச் லைட் பேட்டரி மாதிரி, ஆறு."

நான் உட்கார்ந்துவிட்டேன். முக்குக் கடையில் விற்கும் பேட்டரி. அப்பா உயிரோடிருந்த எந்த மாலையிலும் வாங்கியிருக்கலாம். படத்தைப் பார்த்திருந்தால் போதும். பார்க்கப் பெட்டியைப் பிரித்திருக்கவேண்டும். பிரித்தால் கை சும்மா இருக்காது என்றுதானே பிரிக்கவில்லை? நீங்கள் இருவரும் தோளோடு தோள் இடித்து அந்த இசையைக் கேட்டிருக்கவேண்டிய மாலைகளெல்லாம் அந்த டேப்புக்கு உள்ளே இருந்தன.

"நான் வாங்கியாரேம்மா," என்று செல்வி ஓடினாள். என் முகத்தைப் பார்த்துப் பயந்திருக்கவேண்டும். ஓடிய வேகத்தில் கிரில்லைப் பூட்டவில்லை. சாத்தக்கூட இல்லை.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். தெரு தெரிந்தது, கம்பி இல்லாமல். ஒரு ஆட்டோ, எதிர்வீட்டுப் பூனை, ரயில்வே கேட்டுப் பக்கம் போகும் வளைவு. அதைத் தாண்டினால் சர்ச். விவேக் குனிந்து வேலையில் இருந்தான். தடுக்க யாரும் இல்லை. வெறுங்காலோடு வாசற்படியில் நின்றேன்.

நான் போகவில்லை. முடியாமல் இல்லை. யாரோ பூட்ட மறந்ததால் நழுவிப் போவதற்கு இது என்ன, அடுத்தவர் வீடா? என் சம்பளமும் உன் அப்பா சம்பளமும் சேர்ந்து கட்டிய வீடு. இந்தப் படியிலிருந்து இறங்கினால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இறங்குவேன். செல்வி மூச்சு வாங்கத் திரும்பி வந்து, என்னை அங்கே பார்த்ததும் அப்படியே நின்றாள். "போவலியாம்மா?" என்றாள். "பூட்டு," என்றேன். அவள் பூட்டும்போது அழுதாள்.

ஜப்பான்காரர் கொடுத்த டிஸ்க்கை விவேக் உள்ளே தள்ளியதும் டிரைவ் சுழன்றது. முதலில் ஒரு முனகல், பிறகு இசை. அதே பழைய டிவியில் கறுப்பு வெள்ளையில் ஒரு சின்ன மனிதன் குதித்தான். விவேக் என் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தான். நான் அந்த மனிதனை நேராகக் குழிக்குள் நடத்திக் கொண்டுபோய் விட்டேன்.

"ஐய, வுழுந்துட்டாரு!" என்றாள் செல்வி.

"மறுபடி வருவான், பாருங்க," என்றான் விவேக். வந்தான்.

பன்னிரண்டாயிரத்துக்கு நான் விற்கவில்லை. தோல் உறையையாவது தாருங்கள் என்று அதற்கொரு விலை சொன்னான்; அதையும் தரவில்லை. டீ குடித்துவிட்டு வெறுங்கையோடுதான் போனான், ஆனால் போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனான். பிறகு உனக்குப் போன் செய்திருக்கிறான். பாதகமில்லை, அது அவன் கடமை.

பெட்டி விற்காவிட்டாலும் உன் சம்பளத்திலேயே மாடியை மூடிவிட உன்னால் முடியும். அதனால்தான் இந்தக் கடிதம். வெல்டர் வரவேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. நான் விழமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கமாட்டேன், விழலாம். விழுந்தால் உனக்குச் செய்தி வரும், நீ வருவாய், வேலூரில் அதே நாற்காலியில் தூங்குவாய். அந்தப் பயத்தை உன்னிடமிருந்து எடுத்துவிட எனக்கு வழி தெரியவில்லை. உன் கண்ணாடி அலமாரியிலிருந்து உன் மகள் எதைக் கேட்கிறாளோ அதைப் பிரித்துக் கொடு. அவள் கை சும்மா இருக்காது, இருக்கவும் வேண்டாம். என் விஷயத்தில் என்னிடமிருந்து சாவியை வாங்கியவன் நீ. நீதான் திருப்பித் தரவேண்டும்.

டிரைவ் இப்போது ஜன்னலோரம் இருக்கிறது. மதிய வெயில் அதன்மேல் விழுகிறது. சீக்கிரம் மஞ்சளாகிவிடும் என்று விவேக் எச்சரித்தான். ஆகட்டும். அப்பா தைத்த உறையில் பைபிளும் பாட்டுப் புத்தகமும் குடையும் கச்சிதமாக அடங்குகின்றன. கைப்பிடியும் இருக்கிறது. வாசல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். செல்வி எனக்கு ஒரு ரப்பர் செருப்பு வாங்கி வந்திருக்கிறாள், எனக்கென்று முதல்முதலாகக் கடையில் வாங்கிய காலணி. அளவு கொஞ்சம் பெரியது, வழுக்காது.

ஞாயிறு ஆராதனை எட்டரை மணிக்கு. இந்தக் கடிதம் கிடைத்த வாரம் அதற்கு முன்னால் கூப்பிடு. உனக்கு அது சனிக்கிழமை இரவு, விழித்துத்தான் இருப்பாய். பெட்டியைப் பற்றிக் கேட்காதே. என்னைப் பற்றியும் கேட்காதே. போனைச் செல்வியிடம் கொடுக்கிறேன், சாவியை அம்மாவிடம் கொடு என்று அவளிடம் சொல். நான் கிரில் பக்கத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றிருப்பேன்.

அம்மா